பெயர், நாள், நிறுவியவர்: கானாவின் விடுதலை வரலாறும் பள்ளி மாணவரும்

ஆய்வுச் சுருக்கம்

மேற்கு ஆப்பிரிக்க நாடான கானாவின் பள்ளி மாணவர் தம் நாட்டைப் பிறர்க்கு அறிமுகப்படுத்தும்போது பண்டைப் பேரரசு ஒன்றிடமிருந்து பெற்ற பெயர், 1957 மார்ச் 6 என்னும் விடுதலை நாள், கரிய விண்மீன் பொறித்த கொடி, நாட்டை நிறுவிய தலைவர் ஆகியவற்றை முதன்மையாகக் கூறுவது வழக்கம். இவை வெறும் தகவல்களாகத் தோன்றினும், ஒவ்வொன்றும் ஓர் அரசியல் வழக்கின் தீர்ப்பாக உருவானது. அத்தீர்ப்புகள் எவ்வாறு அமைந்தன, அவற்றால் யார் முன்வந்தனர், யார் பின்தள்ளப்பட்டனர் என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. விடுதலைப் போராட்டத்தில் மாணவர்களே பங்கேற்ற 1948ஆம் ஆண்டு நிகழ்வுகளுக்கு இதில் தனிக்கவனம் தரப்படுகிறது.

திறவுச் சொற்கள்: கானா, தங்கக் கடற்கரை, நிக்ரூமா, டன்குவா, பள்ளிக் கல்வி, பாடநூல் வரலாறு, நிறுவியோர் நாள்

பள்ளி அறிமுகம் என்னும் வரலாற்று வடிவம்

ஒரு நாட்டின் வரலாறு பல்கலைக்கழக ஆய்வேடுகளில் ஒரு வடிவமும் பள்ளி மேடையில் வேறொரு வடிவமும் கொள்கிறது. பின்னது சுருக்கமானது; மனப்பாடத்திற்கு ஏற்றது; ஐயத்திற்கு இடம் தராதது. இதனாலேயே வரலாற்றாய்வாளர் பலர் அதனைப் பொருட்படுத்துவதில்லை. ஆனால் குடிமக்களில் மிகப் பெரும்பாலோர் தம் வாழ்நாள் முழுதும் சுமந்து செல்லும் வரலாறு இச்சுருக்க வடிவமே. எதனைச் சுருக்குவது என்னும் முடிவை மாணவர் எடுப்பதில்லை. அரசும் பாடத்திட்டக் குழுக்களும் எடுக்கின்றன. எனவே சுருக்கத்தை ஆராய்வது அதிகாரத்தை ஆராய்வதும் ஆகும்.

சகாராவிற்குத் தெற்கே காலனிய ஆட்சியிலிருந்து விடுபட்ட தொடக்ககால நாடுகளுள் கானா பெரிதும் கவனிக்கப்பட்டது. அதன் விடுதலைக் கதை அண்டை நாடுகளுக்கும் முன்மாதிரியாயிற்று. ஆண்டுதோறும் மார்ச் 6 அன்று பள்ளி மாணவர் அணிகள் படையினரோடு சேர்ந்து அணிவகுப்பது அந்நாட்டின் நிலைத்த வழக்கம். அவ்வணிவகுப்பில் சொல்லாமல் சொல்லப்படும் கதையை அதன் உறுப்புகளாகப் பிரித்துப் பார்ப்பது பயனுடையது.

பெயரின் வரலாறு

பண்டைக் கானாப் பேரரசு இன்றைய கானாவின் நிலப்பரப்பில் இருந்ததன்று. அதன் தலைநகராகக் கருதப்படும் கும்பி சாலேயின் இடிபாடுகள் தென்கிழக்கு மோரித்தானியாவில் உள்ளன. இன்றைய கானாவின் வட எல்லையிலிருந்தே அவ்விடம் பல நூறு கிலோமீட்டர் வடமேற்கில் அமைந்திருக்கிறது. பதினோராம் நூற்றாண்டில் எழுதிய அந்தலூசிய நிலவியலாளர் அல்-பக்ரி, 'கானா' என்பதை அந்நாட்டு மன்னர்களின் பட்டமாகவும் குறிப்பிடுகிறார். பொன் வணிகத்தால் புகழ்பெற்ற அவ்வரசின் பெயர், ஐரோப்பியர் 'தங்கக் கடற்கரை' என்று அழைத்த காலனிக்கு எப்படி வந்தது?

இதற்கு முதன்மையான காரணர் ஜே. பி. டன்குவா. வழக்கறிஞரும் அக்கான் மரபுகளை ஆராய்ந்தவருமான அவர், அக்கான் மக்கள் பண்டைக் கானாவிலிருந்து தெற்கு நோக்கிப் பெயர்ந்தவர்கள் என்னும் கருத்தை முன்வைத்து இப்பெயரை வலியுறுத்தினார். நேரடியான இத்தகைய குடிபெயர்வைப் பிற்கால ஆய்வாளர் பெரும்பாலும் ஏற்கவில்லை. ஆயினும் பெயர் நிலைத்தது. விற்கப்பட்ட ஒரு பண்டத்தின் பெயரால் தம் நாடு அழைக்கப்படுவதை மறுத்து, ஐரோப்பியர் வருகைக்கு முன்பே எழுத்தில் பதிவான ஓர் ஆப்பிரிக்க அரசின் பெயரைத் தேர்ந்ததே அதன் பொருள். புவியியல் அடிப்படையில் தவறாயினும் அரசியல் அடிப்படையில் இத்தேர்வு கூர்மையானது என்றே கொள்ள வேண்டும். டகோமி என்னும் நாடு 1975இல் பெனின் எனப் பெயர் மாற்றிக்கொண்டபோதும் இதே நிலை நேர்ந்தது. பண்டைப் பெனின் அரசு இன்றைய நைஜீரியாவில் இருந்தது.

இதில் ஒரு முரண் உண்டு. நாட்டிற்குப் பெயர் தந்த டன்குவா, அந்நாட்டின் தடுப்புக்காவல் சட்டத்தின் கீழ் 1965 பிப்ரவரி 4 அன்று என்சவாம் சிறையில் இறந்தார். பெயரைப் பெருமையுடன் சொல்லும் அறிமுகத்தில், பெயரிட்டவரின் முடிவு எளிதில் இடம்பெறும் செய்தியன்று.

மார்ச் 6: கடற்கரையின் நாள்

விடுதலை நாளாக மார்ச் 6 தேர்ந்தெடுக்கப்பட்டதற்குப் பின்னணி உண்டு. 1844 மார்ச் 6 அன்று கடற்கரைப் பகுதியின் ஃபாந்தே தலைவர்கள் சிலர் ஆங்கிலேயருடன் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டனர். சில வாசகங்களே கொண்ட அவ்வாவணம், ஆங்கிலேயரின் நீதி அதிகாரத்தை ஏற்பதையும், நரபலியையும் கடனுக்காக ஆட்களைப் பிடித்துவைக்கும் வழக்கத்தையும் கைவிடுவதையும், கொலை கொள்ளை போன்ற குற்றங்களை அரசியின் அலுவலர் முன் விசாரிப்பதையும் கூறுகிறது. நிலத்தை ஒப்படைப்பதாக அதில் ஒரு சொல்லும் இல்லை. நூறாண்டில் முடிவுறும் ஒப்பந்தம் அது என்று பின்னாளில் பலரும் நம்பினர். ஆனால் அதன் வாசகத்தில் கால வரம்பு எதுவும் இல்லை. பிடியின் தொடக்கமாகக் கருதப்பட்ட நாளையே விடுதலையின் நாளாக்கியது நிக்ரூமா அரசின் குறியீட்டு அரசியல்.

ஆனால் அந்த உடன்படிக்கை கடற்கரையினருடையது. 1957இல் கானாவாக ஒன்றிணைந்தவை நான்கு நிலப்பகுதிகள்: தங்கக் கடற்கரைக் காலனி, அசாந்தே, வட நிலப்பகுதிகள், பிரித்தானிய ஆட்சியிலிருந்த டோகோலாந்து. அசாந்தே அரசு உடன்படிக்கையால் அன்று, போரால் வீழ்ந்தது. 1874இல் ஆங்கிலப் படை குமாசியை எரித்தது. 1896இல் மன்னர் முதலாம் பிரெம்பே சிறைபிடிக்கப்பட்டுப் பின்னர் செய்செல் தீவுகளுக்கு நாடுகடத்தப்பட்டார். 1900இல் எஜிசுவின் அரசத்தாய் யா அசாந்தேவா தலைமையில் எழுந்த போர் அடக்கப்பட்ட பின்னரே அசாந்தே முறையாகப் பிரித்தானியப் பேரரசுடன் இணைக்கப்பட்டது. வட நிலப்பகுதிகள் அதே காலகட்டத்தில் தனிக் காப்பாட்சிப் பகுதியாக்கப்பட்டன. முதல் உலகப் போரில் செருமானியர் தோற்ற பின் டோகோலாந்து இரண்டாகப் பிளக்கப்பட்டு, மேற்குப் பகுதி ஆங்கிலேயரிடமும் கிழக்குப் பகுதி பிரெஞ்சுக்காரரிடமும் சென்றது. குமாசி, தமாலே, ஹோ ஆகிய ஊர்களின் மாணவர்க்கு 1844 என்பது தம் மூதாதையரின் அனுபவமன்று; அவர்கள் அதனை வகுப்பறையில்தான் பெறுகிறார்கள்.

கல்வியும் இவ்வரிசையிலேயே பரவியது. கேப் கோஸ்ட் நகரில் இம்ஃபான்சிபிம் பள்ளி 1876இல் தோன்றியது. வடபகுதிக்கோ தமாலேயில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளி கிடைக்க 1951 வரை காத்திருக்க நேர்ந்தது. இந்த முக்கால் நூற்றாண்டு இடைவெளியே, தேசிய வரலாற்றை எழுதியவரும் கற்பித்தவரும் பெரும்பாலும் தென்பகுதியினராக அமைந்ததற்கு அடிப்படைக் காரணம்.

அச்சிமோட்டாவும் ஆப்பிரிக்க வரலாற்றுப் பாடமும்

ஆளுநர் ககிசுபர்க் காலத்தில் அக்ராவிற்கு அருகே அமைக்கப்பட்ட அச்சிமோட்டா கல்லூரி 1927இல் முறைப்படி திறக்கப்பட்டது. அதன் முதல்வர் ஏ. ஜி. ஃபிரேசர், துணை முதல்வர் தங்கக் கடற்கரையைச் சேர்ந்த கல்வியாளர் அக்ரே. பியானோவின் வெள்ளைக் கட்டைகளும் கறுப்புக் கட்டைகளும் சேர்ந்தே இசை பிறக்கும் என்னும் அக்ரேயின் உவமையே அப்பள்ளியின் சின்னமாயிற்று. ஃபிரேசர் அச்சிமோட்டாவிற்கு வருமுன் இருபது ஆண்டுகள் கண்டி திரித்துவக் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். ஆங்கிலமே ஆட்சிசெய்த அக்கல்லூரியில் சிங்களத்திற்கும் தமிழுக்கும் பாடத்தில் இடமளித்தவர். அச்சிமோட்டாவிலும் ஆப்பிரிக்க மொழிகளும் இசையும் கைவினையும் பாடங்களாயின. காலனியக் கல்வியின் ஒரு சோதனை கண்டியிலிருந்து அக்ராவிற்குச் சென்ற இவ்வழி மேலும் ஆராயத்தக்கது.

அங்கு ஆசிரியராயிருந்த டபிள்யூ. ஈ. எஃப். வார்டு எழுதிய தங்கக் கடற்கரை வரலாறு 1948இல் வெளிவந்தது. அதற்கு அரை நூற்றாண்டு முன்பே, 1895இல், பாசல் மிஷன் போதகரான கார்ல் கிறிஸ்தியன் ரைண்டார்ஃப் வாய்மொழி மரபுகளைத் திரட்டித் தங்கக் கடற்கரை, அசாந்தே வரலாற்றை எழுதியிருந்தார். எனவே இம்மக்களுக்கு எழுதப்பட்ட வரலாற்றை ஆங்கில ஆசிரியர்களே முதலில் தந்தனர் என்பது பொருந்தாது. அச்சிமோட்டாவில் ஆசிரியப் பயிற்சி பெற்ற மாணவர்களுள் ஒருவர் 1935இல் மேற்படிப்பிற்காக அமெரிக்கா சென்றார். அவரே குவாமே நிக்ரூமா.

1948: வகுப்பறையை விட்டு வெளியேறியவர்கள்

கானா விடுதலைக் கதையின் திருப்புமுனை 1948. அவ்வாண்டு சனவரி இறுதியில் அக்ராத் தலைவர் நீ குவாபெனா போன்னே ஐரோப்பியப் பொருள்களின் விலையுயர்வை எதிர்த்துப் புறக்கணிப்பைத் தொடங்கினார். நோய் தாக்கிய கொக்கோ மரங்களை அரசு வெட்டி வீழ்த்தியதால் உழவரும் கொதித்திருந்தனர். பிப்ரவரி 28 அன்று, இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய படைவீரர்கள் தம் ஓய்வூதியக் குறைகளை எழுதிய மனுவுடன் கிறிஸ்தியன்ஸ்போர்க் கோட்டை நோக்கி நடந்தனர். காவல் அதிகாரி சுட்டதில் சார்ஜெண்ட் அட்ஜெட்டே, கார்ப்பரல் அட்டிபோ, படைவீரர் ஒடார்ட்டே லாம்ப்டே ஆகிய மூவர் இறந்தனர். கலவரம் நகரங்கள் தோறும் பரவியது. ஐக்கியத் தங்கக் கடற்கரை மாநாட்டுக் கட்சியின் தலைவர்கள் அறுவரை அரசு கைதுசெய்து வடபகுதியில் காவலில் வைத்தது. 'பெரும் அறுவர்' என்று பின்னர்ப் பாடநூல்கள் வழங்கும் நிக்ரூமா, டன்குவா, ஓஃபோரி-அட்டா, அக்குஃபோ-அட்டோ, அக்கோ அட்ஜெய், ஒபெட்செபி-லாம்ப்டே ஆகியோர் இவர்களே.

இதற்குப் பின் நிகழ்ந்ததே இக்கட்டுரைக்கு முதன்மையானது. தலைவர்களை விடுவிக்கக் கோரிக் கேப் கோஸ்ட் நகரின் பள்ளி மாணவர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். பள்ளிகள் அவர்களை வெளியேற்றின. ஆதரவளித்த ஆசிரியர்களும் பணியிழந்தனர். விடுதலையான நிக்ரூமா, வெளியேற்றப்பட்ட அம்மாணவரையும் ஆசிரியரையும் கொண்டே 1948 சூலை 20 அன்று கேப் கோஸ்டில் ஒரு பள்ளியைத் தொடங்கினார். அதற்கு அவர் வைத்த பெயர் கானா தேசியக் கல்லூரி. நாடு தங்கக் கடற்கரையாகவே இருந்த காலம் அது. 'கானா' என்னும் பெயரை ஒரு நாடு ஏற்பதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன்பே ஒரு பள்ளி ஏற்றுவிட்டது. அதன் முதல் மாணவர்கள் அரசியல் காரணத்திற்காகப் பள்ளியை இழந்தவர்கள்.

வழக்கறிஞரும் வணிகரும் நிறைந்த கட்சித் தலைமைக்கு இம்முயற்சி உவப்பாக இல்லை. நிக்ரூமா அக்கட்சியிலிருந்து விலகி 1949 சூன் 12 அன்று மக்கள் மாநாட்டுக் கட்சியை நிறுவியதற்கு இட்டுச்சென்ற பூசல்களில் இதுவும் ஒன்று. தொடக்கப் பள்ளியோடு கல்வி முடிந்த இளைஞர்களே புதிய கட்சியின் முதுகெலும்பாயினர். மேல்நிலைக் கல்வி பெற்ற மேட்டுக்குடிக்கும் இவர்களுக்கும் இடையிலான பிளவைப் புறக்கணித்தால் கானா அரசியலின் பிற்கால மோதல்கள் எதுவும் விளங்கா. காந்தியடிகளின் முறையைப் பின்பற்றி 1950 சனவரியில் நிக்ரூமா தொடங்கிய 'நேர்நிலைச் செயல்' போராட்டம் அவரைச் சிறைக்கு அனுப்பியது. 1951 பிப்ரவரித் தேர்தலில் சிறையிலிருந்தபடியே அவர் வென்றார். அவரது ஆட்சி முதலில் கைவைத்த துறைகளுள் ஒன்று கல்வி. தொடக்கப் பள்ளிக் கட்டணம் 1952இல் நீக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே மாணவர் தொகை இரு மடங்கைத் தாண்டியது.

பாடநூலில் பெரும் அறுவருக்கு உருவப்படம் உண்டு. அவர்களுக்காகப் பள்ளியை இழந்த மாணவர்கள் அப்படத்தின் நிழலில் நிற்கிறார்கள். மாணவர் சொல்லும் வரலாற்றில் மாணவரின் இடம் இவ்வளவு சிறிதாக இருப்பது வியப்பிற்குரியது. ஆனால் கீழ்ப்படியாமைக்காக வெளியேற்றப்பட்டவரை முன்மாதிரியாகக் காட்ட எந்த அரசின் பாடத்திட்டக் குழு விரும்பும்?

நிறுவியவரா, நிறுவியோரா?

'நாட்டை நிறுவியவர் யார்?' என்னும் வினாவிற்குக் கானா மாணவர் தரும் விடை, எந்த ஆட்சியில் அவர் படித்தார் என்பதைப் பொறுத்தது. 1958இல் வெளியிடப்பட்ட நாணயங்களில் நிக்ரூமாவின் தலை பொறிக்கப்பட்டு, அதனைச் சுற்றி 'கானா நாட்டை நிறுவியவர்' என்னும் பொருளில் இலத்தீன் வாசகம் எழுதப்பட்டது. 1960இல் தோன்றிய இளம் முன்னோடிகள் இயக்கம் சிறார்க்கு நாட்டுப்பற்றையும் தலைவர் வழிபாட்டையும் பிரித்தறிய இயலாதவாறு புகட்டியது. நிக்ரூமாவுக்கு இறப்பில்லை எனச் சிறுவர்கள் முழங்கினர். இதனைக் கடிந்துரைத்த அக்ராவின் ஆங்கிலிக்கன் பேராயர் ரோஸ்வியர் 1962இல் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டார். ஆசிரியரும் ஓவியருமான தியோடோசியா ஓக்கோ வடிவமைத்த தேசியக் கொடியின் நடுவிலிருந்த பொன்நிறம்கூட 1964இல் வெண்மையாக மாற்றப்பட்டது. சிவப்பு, வெள்ளை, பச்சை ஆகியவை ஆளும் கட்சியின் வண்ணங்கள். 1966 பிப்ரவரி 24 அன்று இராணுவப் புரட்சி நிகழ்ந்ததும் சிலைகள் வீழ்த்தப்பட்டன. இளம் முன்னோடிகள் இயக்கம் கலைக்கப்பட்டது. கொடியில் பொன்நிறம் திரும்பியது.

வழக்கு அத்துடன் முடியவில்லை. 2007இல் வெளிவந்த பணத்தாள்களில் பெரும் அறுவர் அனைவரும் இடம்பெற்றனர். 2010இல் இரண்டு செடி தாள் ஒன்று நிக்ரூமாவின் உருவத்தை மட்டும் தாங்கி வந்தது. விடுமுறை நாள்களிலும் இதுவே நிகழ்ந்தது. நிக்ரூமாவின் நூற்றாண்டான 2009இல் அதிபர் அட்டா மில்ஸ் அவர் பிறந்த செப்டம்பர் 21ஐ 'நிறுவியவர் நாள்' என ஒருமையில் அறிவித்தார். 2019இல் அதிபர் நானா அக்குஃபோ-அட்டோவின் ஆட்சி ஆகஸ்டு 4ஐ 'நிறுவியோர் நாள்' எனப் பன்மையில் சட்டமாக்கி, செப்டம்பர் 21ஐ நிக்ரூமா நினைவு நாளாகக் குறைத்தது. பூர்வகுடியினர் உரிமைக் காப்புச் சங்கம் 1897இல் தோன்றியதும், சால்ட்பாண்ட் நகரில் டன்குவாவின் கட்சி 1947இல் தொடங்கப்பட்டதும் ஆகஸ்டு 4 என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். அவ்வதிபர் பெரும் அறுவரில் ஒருவரின் மகன் என்பதையும் டன்குவாவின் உறவினர் என்பதையும் எதிர்தரப்பினர் சுட்டத் தவறவில்லை. 2025இல் அதிபர் மகாமாவின் ஆட்சி மீண்டும் செப்டம்பர் 21ஐ ஒருமையில் நிறுவியவர் நாளாக்கியது.

ஆங்கிலத்தில் ஒரு மேற்குறியின் இடமாற்றமே இவ்வேறுபாடு. தமிழிலும் ஒரு விகுதிதான். ஆனால் அதனுள் ஒரு மெய்யான வரலாற்று வினா அடங்கியுள்ளது: ஒரு நாட்டை உருவாக்கியது இறுதிப் பத்தாண்டின் வெகுமக்கள் எழுச்சியா, அதற்கு முன் அரை நூற்றாண்டாக நில உரிமைக்கும் பிரதிநிதித்துவத்திற்கும் வாதாடிய படித்தவரின் இயக்கமா? 1897இன் சங்கம் காலனிய நிலச் சட்டத்தை இலண்டன் வரை சென்று எதிர்த்து வென்றதை மறுக்க இயலாது. ஆயினும் 1948க்குப் பின் அரசியலைத் தெருவிற்குக் கொண்டுவந்து விடுதலையை விரைவுபடுத்தியது நிக்ரூமாவின் அமைப்பே என்பதற்கு 1951, 1954, 1956 ஆகிய மூன்று தேர்தல்களும் சான்று. பன்மை வழக்கில் நியாயம் உண்டு. அதனை முன்வைத்த காலமும் கையும் அந்நியாயத்தைக் கட்சிச் சண்டையாக்கிவிட்டன.

வரலாற்றாசிரியரும் இம்மோதலுக்கு வெளியே நிற்கவில்லை. ஆடு போவாகென் 1959இல் இலண்டனில் முனைவர் பட்டம் பெற்று லெகோன் பல்கலைக்கழகத்தில் வரலாறு கற்பித்தார். அவர் எழுதிய மேற்கு ஆப்பிரிக்க வரலாற்று நூல்களைப் பல நாடுகளின் மேல்நிலை மாணவர்கள் தேர்வுக்காகப் பயின்றனர். இராணுவ ஆட்சிக் காலத்தில், 1988இல், டன்குவா நினைவுச் சொற்பொழிவுகளில் நாட்டில் நிலவிய அச்சமிகு மௌனத்தை வெளிப்படையாகச் சாடியவரும் அவரே. 1992 அதிபர் தேர்தலில் அவர் ரோலிங்சை எதிர்த்து நின்று தோற்றார். 1987 கல்விச் சீர்திருத்தத்தில் வரலாறு சமூகவியல் பாடத்துள் கரைந்தது. 2019 பாடத்திட்டமே கானா வரலாற்றைத் தொடக்கப் பள்ளியின் தனிப்பாடமாக மீட்டது. அதே ஆண்டில் நிறுவியோர் நாள் சட்டமும் வந்தமையால், புதிய பாடம் எந்தக் கதையைச் சொல்லும் என்ற ஐயம் இயல்பாகவே எழுந்தது.

சுருக்கத்திற்கு வெளியே

பெண்கள் இச்சுருக்கத்தில் மிகக் குறைவாகவே வருகின்றனர். யா அசாந்தேவா நிலைத்த இடம் பெற்றுள்ளார். அவர் தொலைவில் இருப்பவர், எக்கட்சிக்கும் உரியவரல்லர். ஆனால் 1948க்குப் பின் ஊர் ஊராகச் சென்று ஆதரவு திரட்டிய ஹன்னா குட்ஜோ, நிக்ரூமாவின் நெருங்கிய துணையாளராயிருந்தும் தேசிய நினைவிலிருந்து மறைந்துபோனார். அவர் எவ்வாறு மறைந்தார் என்பதை ஜீன் ஆல்மன் 2009இல் ஒரு தனிக்கட்டுரையில் ஆராய்ந்தார். 1954இல் சட்டமன்றத்திற்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் பெண்ணான மேபல் டோவ், பெயர்பெற்ற இதழாளரும் ஆவார்.

மற்றொரு விடுபாடு இன்றும் ஆறாத புண். 1956 மே 9 அன்று ஐக்கிய நாடுகள் அவையின் மேற்பார்வையில் பிரித்தானிய டோகோலாந்தில் நடந்த வாக்கெடுப்பில் ஏறத்தாழ 58 விழுக்காட்டினர் தங்கக் கடற்கரையுடன் இணைய விரும்பினர். மொத்தக் கணக்கில் அது தெளிவான பெரும்பான்மை. ஆனால் எவே மக்கள் செறிந்த தென்மாவட்டங்களில் பெரும்பான்மையினர் இணைப்பை மறுத்திருந்தனர். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த தம் உறவினருடன் ஒன்றாக வாழும் நம்பிக்கை அவர்களுக்கு அத்துடன் முடிந்தது. 'நான்கு பகுதிகள் ஒன்றிணைந்தன' என்னும் பாடநூல் வாக்கியம் இதனைக் கடந்துவிடுகிறது. 1954இல் குமாசியில் எழுந்து கூட்டாட்சி கேட்ட தேசிய விடுதலை இயக்கமும் இவ்வாக்கியத்துள் அடங்குவதில்லை. 1956 தேர்தலில் 104 இடங்களுள் 71ஐ மக்கள் மாநாட்டுக் கட்சி வென்றது; எஞ்சியவற்றுள் பெரும்பங்கு அசாந்தேயிலும் வடக்கிலும் எதிர்க்கட்சிகளுக்குச் சென்றது.

2020 செப்டம்பரில் மேற்கு டோகோலாந்து தனிநாடு கோரிய குழுவினர் வோல்ட்டாப் பகுதியில் சாலைகளை மறித்தும் காவல் நிலையங்களைத் தாக்கியும் கிளர்ந்தனர். அடுத்த ஆண்டு, பாடத்திட்ட மன்றத்தின் ஒப்புதல் பெறாத சில பள்ளி நூல்கள் எவே மக்களை இழிவாகச் சித்திரிப்பதாக நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. நூல்கள் திரும்பப் பெறப்பட்டன. அவற்றுள் ஒன்று, மூன்றாம் வகுப்பு மாணவர்க்கான கானா வரலாறு.